மேலடுக்கும் ஒரு கிலோ சர்க்கரையும்

நார்மன் ஹெப்வொர்த் தன் மகளின் கல்யாணக் கேக்கைக் கொளுத்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கிப்டனில் அபூர்வமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி ஜேனிஸ் சர்ச்சுக்குப் போயிருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் ஆறே நாள். மூன்றடுக்கில் மூன்றும் முடிந்து, வெள்ளை ஐசிங் கல் மாதிரிக் காய்ந்து நின்றது. பெரிய அடுக்குகள் இரண்டும் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டுவிட்டன. ஆறு அங்குல மேலடுக்குக்கு இடமில்லை. நாற்காலியில் வைத்தால் டஃபி நக்கிவிடும்; அந்த நாய்க்கு ஏற்கெனவே அதன் மேல் ஒரு கண். ஆகவே நார்மன் முந்தின நாளே யோசித்து, மேலடுக்கை அட்டைப் பெட்டியில் போட்டு, வீட்டிலேயே பத்திரமான இடத்தில் வைத்து மூடினார். அந்த இடம் ஓவன்.

மறுநாள் காலையில் யார்க்‌ஷயர் புட்டிங்குக்கு, இறைச்சியோடு தின்கிற அந்த உப்பலான அப்பத்துக்கு, மாவைக் கரைத்துவிட்டு அந்த ஓவனை உச்ச சூட்டில் திருகியவரும் அவரேதான். இறைச்சி மேலே பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தது, அதனால் ஓவனைத் திறந்து பார்க்க வேறு காரணம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. வேறு ஊர்க்காரன் யாராக இருந்தாலும் பதறியிருப்பான். நார்மனோ சந்தோஷப்பட்டார். கொழுப்பு புகைகிற அளவுக்குச் சூடில்லாத ஓவனில் புட்டிங் எழும்பாது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்; போன வாரத்துச் சிந்தின கொழுப்பு எரிகிறது, நல்ல சூடு, இன்றைக்குப் புட்டிங் தொப்பி மாதிரி நிற்கும் என்று நினைத்துக்கொண்டார். சீட்டியடித்தபடி கதவைத் திறந்தபோது உள்ளே கேக் நீல நிறமாக எரிந்துகொண்டிருந்தது. பத்து வாரமாக வாரத்துக்கு நாலு கரண்டி பிராந்தி குடித்த கேக், அப்படித்தான் எரியும்.

புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, தோட்டக் குழாயால் அணைத்தார். அணைந்த பிறகு கீழே கிடந்ததை டஃபிகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

ஜேனிஸ் திரும்பி வந்தபோது வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. புட்டிங் கருகிவிட்டது என்றார் நார்மன். அவள் ஜன்னல்களைப் பார்த்தாள், ஓவனைப் பார்த்தாள், நனைந்திருந்த அவர் செருப்பைப் பார்த்தாள். அப்படியா என்றாள். அன்றைக்கு இறைச்சியை ரொட்டியோடு சாப்பிட்டார்கள்.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஜேனிஸிடம் சொல்லியிருக்கலாம், மகள் பிப்பிடம் போனில் சொல்லியிருக்கலாம். ஹெப்வொர்த் வீட்டில் பத்து வருஷம் சொல்லிச் சிரிக்கிற கதையாகியிருக்கும். சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் மார்கரி. மார்கரி, மாப்பிள்ளை கேலமின் அம்மா. வேளாண் கண்காட்சியின் கேக் போட்டியில் பன்னிரண்டு தடவை முதல் பரிசு வாங்கியவள். நிச்சயதார்த்தத்தன்று எல்லார் முன்னாலும் நார்மனின் கையைத் தட்டிக்கொடுத்து, "நீங்க கார் ஓட்டக் கத்துக்கொடுத்தவர், நார்மன். அதைப் பேசாம விட்டுட்டு இப்ப கேக்கா? அதை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவள். முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நார்மன் மாவில் கை வைத்தார். அதுவரை அவர் செய்து விற்றது சர்ச் விற்பனைக்கான ஜாம் தடவிய சாதாரண கேக்குகள்தான். அடுக்குக் கேக் என்பதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அன்று பிப், தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எங்க அப்பாதான் செய்யறார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நார்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஒரு ஜோக் அடித்தார்.

அந்த வாக்கியத்தைத்தான் அவரால் எரித்ததாகச் சொல்ல முடியவில்லை.

பழக் கேக்கை ஐந்து நாளில் சுட்டுவிடலாம், ஊற வைக்க முடியாது. ஊறாத பழக் கேக் எப்படியிருக்கும் என்பதை மார்கரியின் நாக்கு ஒரு துணுக்கிலேயே கண்டுபிடித்துவிடும். ஆனால் மேலடுக்கை அன்றைக்கு யாரும் வெட்டப்போவதில்லையே. கீழடுக்கை மணமக்கள் வெட்டுவார்கள், நடு அடுக்கு வராதவர்களுக்குப் பொட்டலமாகப் போகும், மேலடுக்கு அப்படியே தகர டப்பாவில் ஏறி முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கும். அதுதான் வழக்கம். அலமாரியில், கைக்கெட்டும் உயரத்தில், ஜூலையில் அலங்காரம் பழகுவதற்காக அவர் வாங்கிய ஆறு அங்குல தெர்மாகோல் வட்டம் இருந்தது. ஐந்து தடவை ஐசிங் பூசிச் சுரண்டியது.

திங்கட்கிழமை ஜேனிஸ் நூலகத்து வேலைக்குப் போனதும் ஆறாவது தடவை பூசினார்.

கல்யாணத்தன்று மார்கரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேக்கைச் சுற்றி வந்தாள். நார்மன் தூணோடு ஒட்டி நின்றார். அவள் நிமிர்ந்து, எதிர்பார்க்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டாள். "அதுலயும் அந்த மேலடுக்கு இருக்கே. விளிம்பு கத்தி வெச்சு வெட்டின மாதிரி. எனக்கே இவ்வளவு நேரா வந்ததில்ல" என்றாள். நார்மன் வாழ்க்கையில் கேட்ட பாராட்டுகளிலேயே பெரியது அது. அதைச் சாமான் உடையாமலிருக்கப் பெட்டிக்குள்ளே அடைத்துவருகிற தெர்மாகோலுக்காகக் கேட்டார்.

விருந்து முடிந்ததும் மேலடுக்கை இறக்குகிற வேலையை வேறு யாரையும் தொடவிடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முட்டி மடங்க, மூச்சு வாங்கி, கல்லைத் தூக்குகிற மாதிரி தூக்கி நடந்தார். பாவம் முதுகுவலி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சமையலறைக்குள் போய், தகர டப்பாவின் அடியில் ஒரு கிலோ சர்க்கரைப் பையை வைத்து, மேலே அட்டை, அதன் மேல் கேக் என்று அடுக்கி, பார்சல் டேப்பால் மூன்று சுற்று சுற்றினார். எடை சரியாக இருந்தது. அவமானம் அந்தச் சர்க்கரையில்தான் இருந்தது என்று பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்வார். கேக் எரிந்தது விபத்து. தெர்மாகோல் பயம். சர்க்கரையை மட்டும் அவர் நிதானமாக, எடை பார்த்து வைத்தார்.

திட்டம் எளிமையானது. அடுத்த வாரமே அசல் மேலடுக்கு ஒன்றைச் சுட்டு, ஊறவைத்து, பாதாம் விழுது சுற்றி, ஐசிங் பூசி, பிப் வீட்டுக்குப் போகிற ஒரு நாள் டப்பாவில் மாற்றிவிடுவது. கேக்கைச் சுட்டார். அலங்காரத்தைத் தள்ளிப்போட்டு, பிராந்தி மட்டும் ஊற்றிவந்தார். டப்பாதான் கிடைக்கவில்லை. பிப் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று ஏணி போட்டுப் பரணில் தேடினார். மின்பெட்டியைப் பார்க்கிறேன் என்று மாடிப்படிக்குக் கீழே தேடினார். காரணமே இல்லாமல் கார் கொட்டகையைப் பெருக்கிக் கொடுத்தார். அப்பா எவ்வளவு உதவியாக இருக்கிறார் பார் என்று பிப் சந்தோஷப்பட்டாள். மாடியில் சின்ன அறை ஒன்று எப்போதும் சாத்தியிருந்தது. அதற்குள் போக மட்டும் அவருக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை.

பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் எந்தச் சந்தில் திருப்பினாலும் முப்பத்தொரு வருஷம் அந்த பிரேக் அவரைக் காப்பாற்றியது. இந்த விஷயத்தில் அவர் பக்கம் எதுவும் இல்லை. ஓட்டுவது இன்னும் பிறக்காத ஒரு குழந்தை. அது எப்போது வரும் என்பதைப் பொறுத்துத்தான் நார்மனின் மானம்.

மாதங்கள் போயின. நல்ல செய்தி ஏதாவது உண்டா என்று அத்தைமார் கேட்பார்கள், இல்லை என்பாள் பிப். ஊரே உச்சுக்கொட்டுகிற அந்த இடத்தில் நார்மன் ஒருவர் மட்டும் நிம்மதியாக மூச்சு விடுவார்.

முதல் ஈஸ்டருக்கு எல்லோரும் ஹெப்வொர்த் வீட்டில் சாப்பிட்டார்கள். மார்கரி ஆட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே, அந்த அழகான மேலடுக்கை எப்போது வெட்டப்போகிறோம் என்று கேட்டாள். நார்மன் முந்திக்கொண்டார்.

"என்ன அவசரம்? கேக் எங்கயும் ஓடிப்போகாது. குழந்தை வந்தா தூக்கம் போச்சு, வீடு நாறும். இதுங்க கொஞ்சம் ஊர் சுத்தட்டும், இல்லையா கேலம்?"

மார்கரி சிரித்தாள். மேசைக்கடியில் ஏதோ அவர் முழங்காலில் பலமாக இடித்தது. டஃபி என்று நினைத்து அதட்டினார். பிப் புதினா சாஸ் எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். புதினா சாஸ் மேசையில், அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் கவனித்தார். கவனித்துவிட்டு, உருளைக்கிழங்கு இன்னொரு துண்டு போட்டுக்கொண்டார்.

அதற்கும் அடுத்த பிப்ரவரியில்தான் வாய்ப்பு வந்தது. பிப் வீட்டுக்குப் புதுத் துணி துவைக்கும் இயந்திரம் வருகிறது. அவளும் கேலமும் வேலைக்குப் போயிருப்பார்கள், அப்பா வந்து வாங்கி வைக்க முடியுமா என்று கேட்டாள். நார்மன் இரவோடு இரவாக ஐசிங் பூசி, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றார். ஒன்றரை வருஷம் பிராந்தி குடித்த கேக், இப்போது முழு அலங்காரத்தோடு, காரின் பின்பெட்டியில் இருந்தது.

இயந்திரத்தை வைத்துவிட்டு ஆட்கள் போனதும் மாடிக்குப் போய்ச் சின்ன அறைக் கதவைத் தள்ளினார். பூட்டவில்லை. எப்போதுமே பூட்டியிருக்கவில்லை போலிருக்கிறது.

ஒரு சுவர் மட்டும் மஞ்சள். வெண்ணெய் நிறத்து மெல்லிய மஞ்சள். பக்கத்துச் சுவரில் அந்த மஞ்சள் பாதி வரைக்கும் வந்து, உருளை ஓடிய தடத்தோடு நின்றிருந்தது. தரையில் மூடி ஒட்டிக்கொண்ட வண்ண டப்பா, காய்ந்த தூரிகை. எல்லாவற்றின் மேலும் தூசு. அவர் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். ஏதோ ஒன்று மனதில் தட்டியது, ஆனால் வந்த வேலை வேறு. தகர டப்பா ஜன்னல் திண்டில் இருந்தது. டேப்பின் மூன்று சுற்றும் அறுக்கப்பட்டிருந்தன. தூக்கினார். காற்றைத் தூக்கியது மாதிரி இருந்தது. உள்ளே அட்டையும், மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் மணியும்தான்.

படிக்கட்டில் உட்கார்ந்து ஜேனிஸுக்குப் போன் செய்தார். பிப் அந்த டப்பாவைத் திறந்தாளா என்று கேட்டார். எந்த டப்பா, எதற்கு என்று ஜேனிஸ் கேட்கவில்லை. அதிலேயே பாதி தெரிந்துபோயிற்று.

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஓவன் தரையில உருகி ஒட்டின பாதாம் விழுதச் சுரண்டினது யாருன்னு நெனச்ச, நார்மன்? நீயே சொல்லுவன்னு பாத்தேன். பாத்துக்கிட்டே இருக்கேன்."

"அந்த ரூம்ல மஞ்சப் பெயின்ட் ஏன் பாதியில நிக்குது?"

அதை நான் சொல்லக் கூடாது, அவளையே கேள் என்று ஜேனிஸ் போனை வைத்துவிட்டாள்.

நாலு மணிக்குக் கேலம் வந்தான். கேலம் நல்ல பையன், ஆனால் பொய் சொல்ல வராது. அதனால் கஷ்டமான கேள்வி வந்தால் ஒரு சாமானைப் பார்த்துப் பேசுவான். டப்பாவையும் மாமனாரையும் பார்த்ததும் புது இயந்திரத்தின் முன்னால் குந்திவிட்டான். குழாய் நல்லா இறுக்கியிருக்காங்களா, மட்டம் சரியா இருக்கா என்று பார்த்தான். பிப் அஞ்சு மணிக்கு வந்துருவா, நார்மன், அவகிட்டயே பேசிக்கங்க என்றான் துவைக்கும் இயந்திரத்திடம்.

பிப் ஒரு கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். கையில் பூனை பிறாண்டின தழும்போடு உள்ளே வந்தாள். சமையலறை மேசையில் திறந்த டப்பா, அதன் பின்னால் அப்பா. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

நார்மன் எல்லாவற்றையும் சொன்னார். ஓவன், புட்டிங், நீல நெருப்பு, தோட்டக் குழாய், தெர்மாகோல். பழக்கத்தில் நடுநடுவே ஜோக் வந்தது. ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. சர்க்கரைப் பையைச் சொல்லும்போது மட்டும் அவரால் ஜோக் அடிக்க முடியவில்லை.

"அந்தச் சர்க்கரையா?" என்றாள் பிப். "அத ஜாடியில கொட்டிட்டேன். இங்க வந்தப்பல்லாம் அதத்தான் ஒன் டீயில போட்டேன். மூணு கரண்டி போடுவ இல்ல, செப்டம்பர்லயே தீந்துபோச்சு."

கேலம் இயந்திரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்; தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறான்.

பிறகு பிப் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். போன வருஷம் மார்ச் மாதம். பதினோரு வாரத்துக் கரு, தங்கவில்லை. சுவருக்கு அப்போதுதான் மஞ்சள் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்; ரொம்பச் சீக்கிரம்தான், தெரியும், ஆனால் ஆரம்பித்துவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் அவளால் அந்த டப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எதற்காகக் காத்திருக்கிறது இது, எடுத்து வா, நாமே தின்றுவிடுவோம் என்று கேலமிடம் சொன்னாள். அவன் ரொட்டிக் கத்தியை வைத்து அழுத்தினான். கீச்சென்று ஒரு சத்தம். சமையலறைத் தரை முழுக்க வெள்ளை மணிகள் உருண்டன. அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள், அப்புறம் அது சிரிப்பாக இல்லை. கேலம் எதுவும் செய்யத் தெரியாமல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். "அம்மாகிட்ட அப்பவே சொன்னேன்."

மார்ச். நார்மன் மனதுக்குள் எண்ணினார். மார்ச்சுக்கு அப்புறம் ஈஸ்டர். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, முழங்காலில் பட்ட உதை. அது டஃபி இல்லை. டஃபி அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தது ஜேனிஸ். முகம் காதுவரை சுட்டது. அறுபத்தேழு வயதில் ஒரு மனிதன் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ள முடியாது என்பதால் எழுந்து வெளியே போனார்.

காரின் பின்பெட்டியைத் திறந்து, கேக்கை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். இந்தத் தடவை முட்டி உண்மையாகவே மடங்கியது. யாரும் கேட்காமலே, "இது அசல்" என்றார். சொன்ன பிறகு அப்படிச் சொல்ல வேண்டியிருப்பதே எவ்வளவு கேவலம் என்று தோன்றியது.

பிப் கத்தியை எடுத்தாள். ஐசிங் விரிசல் விட்டது. உள்ளே கறுப்பாக, ஈரமாக, கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிராந்தி வாசனை அறையை நிறைத்தது. தீக்குச்சி எதையும் கிட்டக் கொண்டுவராதீர்கள் என்று சொல்ல நார்மனுக்கு வாய் வரை வந்தது; விழுங்கிவிட்டார். அந்த ஊர் வழக்கப்படி கேலம் கேக்கோடு தின்ன வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியை எடுத்து வந்து மூன்று தட்டில் வெட்டிப் போட்டான். மூவரும் தின்றார்கள். விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பாதாம் விழுது ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெலிசு. மார்கரி பார்த்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். ஆனால் ருசி நன்றாகவே இருந்தது.

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் நேராக எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன் என்பார்கள், இல்லை டீ போடப் போவார்கள். நார்மன் தட்டிலிருந்த துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்தார்.

"பிப், கண்ணு. எம்மேல இன்னும் கோவமா இருக்கியா?"

பிப் கெட்டிலைப் பார்த்தாள். எழுந்துவிடுவாள் என்று நினைத்தார். எழவில்லை. அவருடைய தட்டில் இன்னொரு துண்டு கேக்கையும், அதன் மேல் ஒரு துண்டு பாலாடைக்கட்டியையும் வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆமா. கேக்குக்காக இல்ல, அந்தக் கோவம் ஒரு வாரத்துல போயிருச்சு. ஈஸ்டரன்னைக்கு என்ன அவசரம்னு கேட்டியே, அதுக்கு. குழந்தை போச்சுன்னா ஒனக்கு நிம்மதியா இருக்கும்போலன்னு நெனச்சேன், அதான் ஒங்கிட்ட சொல்லல. அந்தக் கோவம் இன்னும் இருக்குப்பா. போயிரும். ஆனா இன்னைக்கு இல்ல."